இயல் 7: பிறர் சொல்லை எடுத்தாளும் முறை

ஆய்வேடு எழுதத் தொடங்கியவர்கள் மேற்கோளைப் பற்றிக் கேட்பதெல்லாம் பெரும்பாலும் குறிகளைப் பற்றித்தான். இரட்டை மேற்கோள் குறியா ஒற்றையா, முற்றுப்புள்ளி குறிக்கு உள்ளேயா வெளியேயா, சான்றெண் விளக்கத்தை இயல் இறுதியில் வைப்பதா பக்கத்தின் அடியில் வைப்பதா என்று கேட்பார்கள். நெறியாளர் ஒன்று சொல்வார், பல்கலைக்கழகக் கையேடு இன்னொன்று சொல்லும், நூலகத்தில் எடுத்துப் பார்த்த பழைய ஆய்வேட்டில் மூன்றாவதாக ஒரு முறை இருக்கும். இத்தனையையும் மனப்பாடம் செய்து ஆகப்போவது ஒன்றுமில்லை. விதி ஏன் வந்தது என்று தெரிந்தால் விதியை நாமே ஊகித்துவிடலாம். மேற்கோளைப் படிப்பவருக்கு மூன்று ஐயங்கள் எழும். பிறர் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? எடுத்தவர் அதில் கைவைத்திருக்கிறாரா? மூலத்தில் அதை எங்கே பார்க்கலாம்? இவற்றில் ஒன்றுக்காவது விடை தரும் விதியை விட்டுக்கொடுக்கக் கூடாது. மூன்றில் எதற்கும் விடை தராத விதி வெறும் வழக்கம். அதில் பல்கலைக்கழகம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு மேலே போகலாம். மேற்கோள் காட்டுவது வாசகர் நம்மைச் சோதித்துப் பார்ப்பதற்காக. அலங்காரத்துக்கும் அடக்கத்துக்கும் அதில் இரண்டாம் இடம்தான்.

முதல் மறுப்பு மரபிலிருந்து வரும். இளம்பூரணரும் சேனாவரையரும் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் மேற்கோள்களை அள்ளி வழங்கினார்கள். நூற்பெயரையோ இடத்தையோ பல வேளைகளில் சொல்லவில்லை. அதனால் அவர்கள் உரை தாழ்ந்தா போயிற்று என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பிறர் கருத்தை எடுத்துச் சொல்வதைத் தமிழ் இலக்கணம் குறையாகக் கருதவும் இல்லை; நன்னூல் அடுக்கும் 32 உத்திகளில் பிறன்கோள் கூறலும் ஒன்று. ஆனால் அந்த உரையாசிரியர்கள் எழுதியது, ஆசிரியரிடம் பாடம் கேட்டு நூல்களை நெட்டுருப் போட்டிருந்த மாணாக்கருக்கு. அவர்களுக்கு ஓர் அடியின் முதற்சீரைச் சொன்னால் போதும், மீதி நாவில் வந்து நிற்கும். இடம் சுட்டும் வேலையை நினைவே செய்தது. அந்தக் கல்வி முறை அறுந்த பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு உ.வே. சாமிநாதையர் சாட்சி. 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்புக்காக நச்சினார்க்கினியர் உரையோடு அவர் போராடியபோது, உரையில் வரும் மேற்கோள் அடிகள் பல எந்த நூலைச் சேர்ந்தவை என்றே தெரியவில்லை. அவற்றைத் தேடிப் போன தேடல் அவரைச் சங்க நூல் ஏடுகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததை ‘என் சரித்திர’த்தில் படிக்கலாம். தேடலால் தமிழுக்கு நன்மைதானே விளைந்தது என்பது உண்மை. அந்த நன்மைக்கு ஒரு பெரும் புலவர் ஆண்டுக்கணக்கில் உழைப்பைக் கொட்ட வேண்டியிருந்தது என்பதும் உண்மை. அவரே பின்னர்த் தம் பதிப்புகளில் மேற்கோள்களின் இடங்களை அடிக்குறிப்பில் தந்தார். இடம் அகப்படாதவற்றை விளங்கா மேற்கோள் என்று தனியே பட்டியலிட்டார். தெரியாததைத் தெரியாது என்று அச்சில் ஒப்புக்கொண்ட அந்தப் பட்டியலும் நம் மரபுதான். மரபைக் காட்டி வாதிடுகிறவர்கள் அதையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

முதல் ஐயத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ் வாக்கியத்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘என்று’, ‘என’, ‘என்கிறார்’ போன்றவை பிறர் கூற்று முடியும் இடத்தைக் காட்டும். தொடங்கும் இடத்தைக் காட்டா. நேர்கூற்றுக்கும் அதே ‘என்று’, அயற்கூற்றுக்கும் அதே ‘என்று’. பயிற்சிக்காக ஒரு வாக்கியம் ஆக்கிப் பார்ப்போம்: அகப்பாடல்களில் தோழியின் குரலே கதையை நகர்த்துகிறது, தலைவன் பேசுவது அதற்கு மறுமொழியாக மட்டுமே என்று ஓர் ஆய்வாளர் கருதுகிறார். இதில் அந்த ஆய்வாளரின் சொற்கள் எவை? வாக்கியம் முழுவதுமா, பின்பாதி மட்டுமா, அல்லது கருத்து மட்டும் அவருடையதாகி ஒரு சொல்கூட அவருடையது இல்லையா? பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் இதைத் தீர்த்துவிடும். எழுத்தில் குறி ஒன்றுதான் தீர்க்கும். ஆகவே, சொல்லுக்குச் சொல் எடுத்தால் குறி இட்டு இடம் சுட்டுங்கள். கருத்தை மட்டும் எடுத்து உங்கள் நடையில் சொன்னால் குறி வேண்டாம், ஆனால் இடம் சுட்டத்தான் வேண்டும். சொற்களை மாற்றிவிட்டதால் கருத்து நம்முடையதாகிவிட்டது என்று எண்ணி இடம் சுட்டாமல் விடுபவர்கள், குறியை மறப்பவர்களைக் காட்டிலும் அதிகம். கருத்துத் திருட்டு என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் அங்கிருந்துதான் முளைக்கிறது.

குறியைத் தவறான இடத்தில் இட்டால் என்ன நேரும் என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் என்னும் ஆங்கில எழுத்தாளர் எஸ்.ஜி. டாலன்டையர் என்ற புனைபெயரில் 1906இல் வால்டேரின் நண்பர்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிறர் கருத்து தமக்கு உடன்பாடில்லை என்றாலும் அதைச் சொல்லும் உரிமையைக் காக்க வேண்டும் என்ற வால்டேரின் மனப்போக்கைத் தம் சொற்களில் ஒரு வாக்கியமாக்கி, மேற்கோள் குறிக்குள் வைத்தார். அன்று தொட்டு அந்த வாக்கியம் வால்டேரின் வாய்மொழியாகவே மேடைகளிலும் நூல்களிலும் உலவுகிறது. அது தம் சொல்தான் என்று ஹால் பின்னாளில் விளக்கியும் பயனில்லை. ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததாகச் சொல்ல முடியாது. கருத்தைச் சுருக்கிச் சொன்ன இடத்தில் குறி இட்டார், அவ்வளவே. நம் ஆய்வேடுகளில் ‘இன்னார் கூறுவார்’ என்று தொடங்கிக் குறிக்குள் வரும் வாக்கியங்களில் எத்தனை உண்மையில் இன்னாரின் வாக்கியங்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தால் இதே கதை உள்ளூர் அளவில் நடந்துகொண்டிருப்பது தெரியும். இதோடு இன்னொரு பழக்கமும் வேண்டும். ‘என்று இன்னார் கூறுகிறார்’ என்பது தமிழில் வாக்கியத்தின் கடைசியில் வருவதால், நீண்ட மேற்கோள் முடியும்வரை யார் பேசுகிறார் என்று வாசகருக்குத் தெரியாது. ஐந்தாறு சொல்லுக்கு மேற்பட்டால் சொன்னவர் பெயரை முன்னால் வையுங்கள். அடைப்பில் தரும் ஆண்டும் பக்கமும் மூடும் குறியை ஒட்டியே, ‘என்று’க்கு முன்பே வரட்டும். வாக்கியத்தின் கோடியில் வைத்தால் நீங்கள் சேர்த்த கருத்துரையும் அவர் கணக்கில் ஏறிவிடும்.

நீளமான மேற்கோளை எப்போது பத்தியிலிருந்து பிரித்துத் தனியே வைப்பது என்பதில் பெயர்பெற்ற நடைக்கையேடுகள் ஒத்துப்போவதில்லை. அமெரிக்க நவீன மொழிச் சங்கத்தின் கையேடு (எம்.எல்.ஏ. என்று சுருக்கினால் நம் ஊரில் வேறு ஆள்தான் நினைவுக்கு வருவார்) உரைநடையில் நான்கு வரியையும் செய்யுளில் மூன்று அடியையும் தாண்டினால் பிரிக்கச் சொல்கிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ. முறையில் 40 சொல் ஆனாலே பிரிக்க வேண்டும். சிக்காகோ கையேடு 100 சொல் அளவுக்குப் போகவிடும். தமிழுக்குச் சொற்கணக்கு ஒத்துவராது. ஆங்கிலத்தில் நான்கைந்தாக நிற்பவை தமிழில் ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். ‘எடுத்துக்காட்டப்படாதவற்றையும்’ என்பது எண்ணிக்கையில் ஒன்றுதான். சேர்த்து எழுதுபவருக்கும் பிரித்து எழுதுபவருக்கும் கணக்கு மாறும். எனவே தமிழில் எழுதுபவர் வரிக்கணக்கை வைத்துக்கொள்வதே சரி. பல்கலைக்கழகம் வேறு அளவு சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது வழக்கத்தின் பாற்பட்டது. ஆனால் பிரித்து வைத்த பகுதிக்கு மேற்கோள் குறி கூடாது என்பது வழக்கத்தைத் தாண்டியது. இடப்புறம் அரை அங்குலம் உள்தள்ளியதே குறியின் வேலையைச் செய்துவிடுகிறது. அதற்கு மேல் குறியும் இட்டால், மூலத்திலேயே அந்தப் பகுதி யாரோ ஒருவர் பேச்சாகக் குறிக்குள் இருந்தது என்று பொருளாகும். பத்திக்குள் வரும் மேற்கோளில் இடம் சுட்டும் அடைப்பு முற்றுப்புள்ளிக்கு முன்பும், பிரித்து வைத்ததில் முற்றுப்புள்ளிக்குப் பின்பும் வரும். முற்றுப்புள்ளியை எப்போதும் குறிக்கு உள்ளே தள்ளும் அமெரிக்க வழக்கம் நமக்கு வேண்டியதில்லை. மூலத்தில் அந்த இடத்தில் வாக்கியம் முடிந்திருந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே.

செய்யுளுக்கு வருவோம். கையேடுகள் சொல்கிறபடி மூன்று அடிவரை சாய்கோடு இட்டுப் பத்திக்குள்ளேயே எழுதலாம். குறளுக்கு அது பொருந்தும். மற்ற பாக்களில், அடியளவு எதுவானாலும், தனியே பிரித்து வைப்பதே நல்லது. எதுகை கண்ணில் படுவது அடிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்போதுதான். நேரிசை வெண்பாவின் தனிச்சொல்லுக்கு முன் பதிப்பில் சிறுகோடு இருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள். கோடு போனால் யாப்பை அறியாதவர் அடியைத் தவறாகப் படிப்பார்.

குறியின் விளிம்பில் தமிழுக்கே உரிய இன்னொரு தொல்லை இருக்கிறது. வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டும். ‘திணை’யை, ‘துறை’க்கு என்று எழுதும்போது குறிக்குள் இருப்பது மூலத்தின் சொல், வெளியே இருப்பது நம் உருபு, இது பிழையன்று. உருபு ஏற்கும்போது சொல்லே உருமாறினால்தான் சங்கடம். ‘மெய்ப்பாடு’ என்பது ‘மெய்ப்பாட்டை’ ஆகும்போது குறிக்குள் எதை வைப்பது? குறியை விட்டுவிடலாம், அல்லது ‘மெய்ப்பாடு’ என்னும் சொல்லை என்று ஒரு சொல் கூட்டி எழுதலாம். நூற்பெயர்களும் அப்படியே. புறநானூற்றில், நன்னூலார், சிலம்பின் என்று தாராளமாக எழுதுங்கள். பெயரைச் சாய்வெழுத்திலோ குறியிலோ அடைத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் ஆங்கிலக் கையேட்டிலிருந்து வந்தது. அங்கே பெயர் திரியாது, இங்கே திரியும். சாய்வெழுத்து நம் அச்சு மரபில் இல்லாத ஒன்று. கணினி நேரெழுத்தைத் தள்ளிச் சாய்த்து வைப்பது கண்ணுக்கும் இனிமையாக இல்லை. துணைநூற்பட்டியலில் நூற்பெயரைத் தடித்த எழுத்தில் தந்தால் போதும். வல்லினம் மிகும் இடத்திலும் கவனம் தேவை. ‘கருத்து’க் கூறியவர் என்னும்போது மிகும் ககர ஒற்று நம்முடையது, குறிக்கு வெளியே நிற்க வேண்டும். அடுத்து வரும் நம் சொல்லுக்காக மேற்கோளின் கடைசியில் ஓர் ஒற்றைச் சேர்த்துவிடுவது சிறிய செயல்தான். ஆனாலும் அது மூலத்தில் இல்லாத எழுத்து.

இது இரண்டாவது ஐயத்துக்கு நம்மைக் கொண்டுவருகிறது. எடுத்தவர் கைவைத்திருக்கிறாரா? கைவைக்கவே கூடாது என்பதில்லை. வைத்ததை வாசகர் காண வேண்டும், அவ்வளவே. நாம் சேர்த்தது பகர அடைப்புக்குள் [ ] வரும். பிறை அடைப்பு ( ) மூலத்துக்கே சொந்தம். விட்டது மூன்று புள்ளியாக வரும். தடித்த எழுத்தை நாம் சேர்த்திருந்தால் [அழுத்தம் என்னுடையது] என்று சொல்லிவிட வேண்டும். அச்சுப்பிழையைத் திருத்தாமல் [மூலத்தில் உள்ளவாறு] என்று எழுதலாம். ஆனால் ஒவ்வொரு பிழைக்கும் இதைச் செய்து மூல ஆசிரியரைக் கேலிப்பொருளாக்குவது நல்ல பண்பன்று. இவற்றில் ஆபத்தானவை அந்த மூன்று புள்ளிகள்தாம். மீண்டும் பயிற்சிக்காக ஒரு வாக்கியம்: இங்கே கிடைத்த பானையோடுகள் மிகப் பழமையானவை என்று கருத இடமுண்டு, கரிமக் காலக்கணிப்பின் முடிவு வரும்வரை உறுதியாக எதுவும் சொல்ல இயலாது. இதிலிருந்து ‘இங்கே கிடைத்த பானையோடுகள் மிகப் பழமையானவை...’ என்று எடுத்தால் ஒவ்வொரு சொல்லும் மூலத்தில் உள்ளதுதான், புள்ளியும் முறையாக இருக்கிறது, இடமும் சுட்டியாயிற்று. ஆனாலும் இது பொய்ச் சான்று. எழுதியவர் ஐயத்தோடு சொன்னதை முடிந்த முடிபாக மாற்றியிருக்கிறது. விட்ட பகுதியில் ‘ஆனால்’, ‘எனினும்’, ‘கருத இடமுண்டு’, ‘சில வேளைகளில்’ போன்றவை இருந்தால் அந்த இடத்தில் வெட்டக் கூடாது என்பதைக் கண்டிப்பான விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். தொல்லியலிலும் இலக்கியக் காலக்கணிப்பிலும் நடக்கும் வாதங்களில் பாதி இந்த வெட்டில் பிறந்தவை என்றால் மிகையாகாது.

எழுத்துக்கூட்டலில் எவ்வளவு மாற்றலாம்? 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவை பழைய வடிவில் இருக்கும். அவற்றை இன்றைய வடிவில் எழுதுவதற்கு யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை; மாறுவது வரிவடிவம் மட்டும். ஆனால் ‘அய்யர்’ என்று அச்சாகியிருப்பதை ‘ஐயர்’ ஆக்குவதும், கிரந்த எழுத்தோடு இருக்கும் சொல்லைத் தனித்தமிழ் எழுத்தில் மாற்றுவதும் வேறு கதை. நல்லெண்ணத்தோடு செய்தாலும் அது சான்றை அழிப்பது. இருபதாம் நூற்றாண்டில் மொழி எப்படிப் போராட்டக் களமானது என்று ஆராய்பவருக்கு ஓர் இதழ் எந்தச் சொல்லை எப்படிக் கூட்டியது என்பதே தரவு. பழஞ்செய்யுளில் சந்தி பிரிப்பதும் இப்படித்தான். மர்ரே எஸ். ராஜம் பதிப்புகள் எளிதாகப் படிப்பதற்காகச் சந்தி பிரித்தே அச்சிட்டன. அது பதிப்பாசிரியர் குழுவின் முடிவு. அந்தப் பதிப்பிலிருந்து எடுத்தால் அப்படியே எடுங்கள். வேறு பதிப்பிலிருந்து எடுத்து நீங்களே பிரித்தால், ஆய்வேட்டின் முன்னுரையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஓலையில் நிறுத்தக்குறி இல்லை, மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்காத ஏடுகள் உண்டு, எல்லாம் பதிப்பாசிரியர் இட்டவைதாமே, நானும் இட்டுக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். இட்டுக்கொள்ளலாம். ஆனால் அப்போது நீங்களும் ஒரு பதிப்பாசிரியர். அதைச் சொல்ல வேண்டும், பாடபேதங்களையும் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஐயம் இடம். இதில் நம் ஆய்வேடுகள் சறுக்குவது, பக்க எண் ஒன்றே இடம் என்று எண்ணுவதால். பக்கம் என்பது ஓர் அச்சின் ஒரு தாள். பாரதியின் படைப்புகள் நாட்டுடைமையான பிறகு அவற்றை வெளியிடாத பதிப்பகம் குறைவு. ஒன்றின் பக்க எண் இன்னொன்றில் ஒட்டாது. பாடலின் தலைப்பையும் பதிப்பையும் சேர்த்துச் சொன்னால்தான் தேடுபவர் கண்டுபிடிப்பார். பழைய நூல்களுக்கு நல்லவேளையாகப் பக்கத்தைச் சாராத எண்கள் இருக்கின்றன: சங்கத் தொகை நூலுக்குப் பாட்டெண்ணும் அடியெண்ணும், சிலம்புக்குக் காதையும் அடியும், குறளுக்கு 1 முதல் 1330 வரை. ஆனால் எண்ணும் எல்லா இடத்திலும் உறுதியானதன்று. இன்று வழங்கும் குறளெண் பரிமேலழகரின் வைப்புமுறையைத் தழுவியது. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் வரிசை மாறும். தொல்காப்பியத்தில் ஓர் உரையாசிரியர் ஒரே நூற்பாவாகக் கொண்டதை இன்னொருவர் இரண்டாகப் பிரித்திருப்பார், ஆகவே உரையாசிரியர் பெயரின்றி நூற்பா எண் தருவது அரைகுறை முகவரிதான். தேவாரத்தில் பண்முறைப் பதிப்பா தலமுறைப் பதிப்பா என்று சொல்ல வேண்டும். கம்பராமாயணத்தில் பதிப்புக்குப் பதிப்பு பாடல் எண் நகர்கிறது. ஒன்றில் மிகைப்பாடலாக ஒதுக்கியது இன்னொன்றில் நடுவே நிற்கும். ‘குறள்தானே, எல்லாருக்கும் தெரியும், எதற்கு எண்’ என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: எல்லாருக்கும் தெரிந்த வரிகளைத்தான் எவரும் சரிபார்ப்பதில்லை, அதனாலேயே அவற்றில்தான் சொல் மாறிப் போகிறது.

ஆண்டைக் குறிப்பதில் பழைய பதிப்புகள் சோதிக்கும். சர்வசித்து என்று மட்டும் முகப்பில் இருந்தால் அது 1887ஆகவும் இருக்கலாம், 60 ஆண்டு கழித்து 1947ஆகவும் இருக்கலாம். திருவள்ளுவர் ஆண்டாக இருந்தால் 31ஐக் கழித்துக்கொள்ளலாம். முதற்பதிப்பின் ஆண்டையும் நீங்கள் கையில் வைத்திருக்கும் மறுபதிப்பின் ஆண்டையும் கலக்காதீர்கள். பக்க எண் எந்த அச்சுக்கு உரியதோ அந்த அச்சின் ஆண்டுதான் மேற்கோளோடு வர வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பாடங்களை இருவகையாகப் பிரித்துப் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ இலங்கை நூல்களுக்கான நூலகம் தளத்திலோ உள்ள பட வடிவ நூல், அச்சு நூலேதான். அச்சு நூலாகவே குறிப்பிடலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்றவற்றில் இருப்பது தட்டச்சு செய்த பாடம். தேடுவதற்கு அதைப்போல உதவி வேறில்லை. எடுத்தாள்வதற்கு முன் அச்சுப் பதிப்போடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட வழியில்லை என்றால் தளத்தின் பெயரையும் பார்த்த நாளையும் ஒளிக்காமல் தர வேண்டும்.

பெயர் வரிசையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆங்கிலக் கையேடுகள் குடும்பப் பெயரை முதலில் கேட்கின்றன; நமக்குத் தலைப்பெழுத்துதான் உண்டு, அதுவும் தந்தை பெயர் அல்லது ஊர். ‘சாமிநாதையர், உ.வே.’ என்று இயற்பெயரால் அகரவரிசைப்படுத்துங்கள். தலைப்பெழுத்தால் வரிசைப்படுத்தினால் ஒரே ஆசிரியர் இரண்டு இடத்தில் தோன்றுவார், ஏனென்றால் ஒரே ஆளின் தலைப்பெழுத்து நூலுக்கு நூல் கூடியும் குறைந்தும் வருகிறது. ‘மேலது’ என்ற குறிப்பைக் கூடுமானவரை தவிர்க்கலாம். கணினியில் நடுவே ஓர் அடிக்குறிப்பைச் செருகியதும் ‘மேலது’ வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும், சுட்டுகிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது. சிக்காகோ கையேடும் இப்போது ஆசிரியர் பெயரும் சுருக்கிய தலைப்புமாக மீண்டும் எழுதுவதையே விரும்புகிறது.

ஒருவர் நூலில் கண்ட இன்னொருவர் மேற்கோளை என்ன செய்வது? மூலத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதே முதல் விடை. மூலமே அழிந்திருந்தால்தான் வழி நூலைக் காட்டி நிறுத்திக்கொள்ளலாம். தகடூர் யாத்திரை, முத்தொள்ளாயிரம், குண்டலகேசி போன்றவற்றில் நமக்கு எஞ்சியவை உரைகளும் புறத்திரட்டு போன்ற தொகுப்புகளும் எடுத்துவைத்தவைதாம். மேற்கோள் இல்லையென்றால் அந்நூல்களின் பெயர்தான் மிஞ்சியிருக்கும். அவற்றை எடுத்தாளும்போது எந்தத் தொகுப்பின் வழி, எந்தப் பதிப்பில் என்று சொல்வது கடமை. மூலம் நூலகத்தில் இருக்கும்போது, இரண்டாம் கையிலிருந்து எடுத்துவிட்டு முதல் நூலின் பக்க எண்ணைப் போடுவது மட்டும் கூடாது. இடையில் எடுத்தவர் செய்த பிழையும் உங்கள் பெயரில் அச்சாகும். புறத்தேர்வாளர் இந்தப் பழக்கத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இரண்டு ஆய்வேட்டிலும் ஒரே பிழை இருப்பதை வைத்துத்தான். ஆங்கில நூலிலிருந்து நீங்களே மொழிபெயர்த்துக் காட்டினால் [மொழிபெயர்ப்பு என்னுடையது] என்று ஒருமுறையாவது சொல்லுங்கள். வாதம் ஒரு சொல்லின் மேல் நின்றால் மூல வாக்கியத்தை அடிக்குறிப்பில் தாருங்கள்.

இவ்வளவு கெடுபிடி செய்தால் இலக்கிய ஆய்வே எழுத முடியாது, இலக்கிய ஆய்வு மேற்கோளால் ஆனது என்பார்கள். ஆனது என்பது சரி. நிரப்பப்பட்டது என்றால்தான் தவறு. ஒரு வரி முன்னுரை, ஒரு பாட்டு, பாட்டுக்குப் பொழிப்புரை, மறுபடி ஒரு பாட்டு என்று நகரும் இயல்கள் நமக்குப் பழக்கமானவை. அவற்றில் எந்தப் பாட்டை எடுத்துவிட்டாலும் வாதம் சாயாது, ஏனென்றால் வாதம் இல்லை. மேற்கோளுக்குப் பிறகு வரும் உங்கள் வாக்கியம் அதன் பொருளைத் திரும்பச் சொன்னால் போதாது. அதில் எந்தச் சொல், எந்த அமைப்பு உங்கள் கூற்றை நிறுவுகிறது என்று காட்ட வேண்டும். காட்ட ஒன்றுமில்லை என்றால் பாட்டெண்ணை மட்டும் அடைப்பில் தந்துவிட்டுப் போகலாம்.

மறுமுனையில் இன்னொரு பயம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஒப்புமை 10 விழுக்காட்டுக்கு மேல் போனால் நடவடிக்கை தொடங்குகிறது. 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகும். அதற்கு அஞ்சி மேற்கோளையே குறைத்து, மூலத்தின் சொற்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றி எழுதுகிறார்கள். இது தலைகீழ். உரிய முறையில் இடம் சுட்டிய மேற்கோள்களை ஒப்புமைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று அதே ஒழுங்குமுறை சொல்கிறது. துணைநூற்பட்டியலும் கணக்கில் வராது. பொதுவாக வழங்கும் தொடர்கள் தற்செயலாக ஒத்துப்போவதற்கு 14 சொல்வரை விலக்கு உண்டு என்பதைப் பிடித்துக்கொண்டு, 14 சொல்வரை கேட்காமல் எடுக்கலாம் என்று சொல்லித் திரிபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு குறளுக்கு 14 சீர்தான். ஒரு கருத்தை முழுதாகக் கொண்டுபோக அது போதும். அந்த விலக்கு அதற்காகத் தந்ததன்று. குறி இட்டு இடம் சுட்டிய மேற்கோள் உங்களுக்குக் காப்பு. குறியை எடுத்துவிட்டுச் சொல்லை மாற்றியதுதான் கருத்துத் திருட்டு, மென்பொருள் அதைக் கண்டாலும் காணாவிட்டாலும்.

இன்று முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா களஞ்சியத்தில் ஏறுகின்றன. நெறியாளரும் இரண்டு தேர்வாளர்களும் மட்டுமே படித்து நூலக அலமாரியில் உறங்கிய காலம் முடிந்தது. உங்கள் மேற்கோளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இனி எவருக்கும் உரிமையும் வசதியும் உண்டு. ஒப்படைப்பதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்கி, அச்செடுத்த படியையும் மூல நூல்களையும் பக்கத்தில் வைத்து, கடைசி இயலிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு மேற்கோளையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். முடிந்தால் ஒரு நண்பரை மூலத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் படியைப் பாருங்கள்.